இரவல் சுவிட்சும் பச்சை விளக்குகளும்

பச்சை விளக்கைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பயம். சிவப்பு எரிந்தால் பயமில்லை. பிழை இருக்கிறது, இன்ன இடத்தில் இருக்கிறது என்று அது சொல்லிவிடும், போய்த் திருத்தலாம். பச்சை எரியும்போதுதான் எனக்குக் கவலை. ஓய்வு பெற்று இரண்டு மாரி போய்விட்டது. இன்னும் வீட்டு இணையப் பெட்டியின் பச்சைப் பொட்டைப் பார்த்தபடிதான் காலையில் தேத்தண்ணி குடிக்கிறேன். "என்னம்மா, அடுப்பிலை பால் வைச்ச மாதிரி அதையே பார்த்துக்கொண்டு இருக்கிறியள்?" என்று மகள் கேட்பாள். 

போன மாதம் ஜெயந்தி போன் எடுத்தாள். நான் வேலை செய்த தரவு மையத்துக்கு இப்போது அவள்தான் பொறுப்பு.

"அக்கா, இனி அறைக்குள்ளை இரண்டு பேர் நிக்கத் தேவையில்லையாம். கொழும்பிலை இருந்து ஒரு ஆள் எல்லாச் சுவிட்சுக்கும் ஒரே தரத்திலை செற்றிங்கை அனுப்புவாராம். அதுகள் தங்களுக்குள்ளை கதைச்சுப் பேசி எடுத்துக்கொள்ளுமாம். நாங்கள் கதவைப் பூட்டிப்போட்டு வெளியிலை இருந்தால் சரியாம்."

"நல்லதுதானே," என்றேன்.

"நல்லதுதான். எனக்கு நித்திரைதான் வருகுதில்லை."

பிறகு கேட்டாள், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்காக அந்த இரவல் சுவிட்ச் வந்த கதையை எழுதித் தர முடியுமா என்று. அலுவலகத்தின் பெயரையும் ஊரையும் போட வேண்டாம், தன் பெயரைப் போடலாம் என்றாள். ஆகவே, A9 வீதியோரம், கிளிநொச்சிப் பக்கம் ஓரிடம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் பயந்த சுபாவம் அப்பாவின் சீதனம். அவர் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர். கிடைத்த வயல் துண்டு வாய்க்காலின் கடைமடையில் இருந்தது. மேலே உள்ளவர்கள் எல்லாரும் பாய்ச்சி முடித்த பிறகுதான் எங்களுக்குத் தண்ணீர். வருமா, வராதா என்று வரம்பில் நின்று பார்ப்பது பிள்ளைகளின் வேலை. தொலைபேசி நிலையத்தில் சேர்ந்தபோதும் அதே வேலைதான், வயல் மட்டும் மாறிவிட்டது. வவுனியாவில் பயிற்சி, கொழும்பில் பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் வகுப்பு, சான்றிதழ்களைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு இடம்பெயர்ந்து திரிந்த காலம், திரும்பி வந்தபோது எனக்குத் தெரிந்த இயந்திரங்கள் எல்லாம் பழைய இரும்பாகிப் போயிருந்தன. இதையெல்லாம் எழுத உட்கார்ந்தால் முடியாது, ஜெயந்தி அதைக் கேட்கவும் இல்லை. நாற்பதைத் தாண்டிய வயதில் நான் மறுபடியும் ஒன்றிலிருந்து படித்து, தரவு மையத்தில் தொழினுட்ப உத்தியோகத்தர் ஆனேன்.

சுவிட்ச் என்றால் லைற் போடும் சுவிட்ச் அல்ல. தட்டையான இரும்புப் பெட்டி. முகப்பில் வரிசையாகக் கேபிள் செருகும் வாய்கள். அவற்றைப் போர்ட் என்போம். ஆஸ்பத்திரியிலிருந்தும் மாவட்டச் செயலகமான கச்சேரியிலிருந்தும் வருகிற தரவுகள் ஒரு போர்ட்டால் நுழைந்து இன்னொரு போர்ட்டால் உரிய இடத்துக்குப் போகும்.

பலருக்குத் தெரியாத விஷயம் இதுதான்: இரண்டு சுவிட்சுகளைக் கேபிளால் இணைத்த உடனே அவை ஒன்றோடொன்று கதைக்கத் தொடங்கிவிடும். நான் இன்னார், இந்தப் போர்ட்டில் எனக்கு இன்ன ஒழுங்கு, எந்த வகைத் தரவை முதலில் விடுவேன், எதற்கு எவ்வளவு இடம் கொடுப்பேன், எதை ஒரு சொட்டும் சிந்தாமல் கொண்டுபோவேன் என்று ஒன்று சொல்லும். மற்றதும் தன்னுடையதைச் சொல்லும். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும். யார் சொல்வதை யார் கேட்பது என்பதற்கு ஒவ்வொரு போர்ட்டிலும் ஒரு குறி வைத்திருப்போம். ஒரு குறி, எதிர்ப்பக்கம் சொல்வதை ஏற்றுக்கொள்வேன் என்பது. மற்றது, ஏற்கமாட்டேன், என் ஒழுங்குதான் ஒழுங்கு என்பது. கீழ்ச் சுவிட்சுகளில் மேல்நோக்கிய போர்ட்டுகள் ஏற்கும் போர்ட்டுகள். மேலே வைத்த ஒரேயொரு சுவிட்சில் ஒழுங்கை எழுதினால் போதும், அது படிப்படியாகக் கீழே இறங்கி எல்லாவற்றுக்கும் வந்து சேர்ந்துவிடும். எங்கள் வாய்க்காலும் அப்படித்தான். மேல் வயல்காரன் "இந்தமுறை இதுதான் தண்ணி முறை" என்று சொன்னால் கடைமடை வரைக்கும் அதுவே முறை. அவன் சரியாகச் சொன்னானா என்று கீழே உள்ள யாரும் விசாரிப்பதில்லை.

எங்கள் மேலதிகாரி குணநாயகம் சேர். யாழ்ப்பாணத்தவர், வன்னியிலேயே வேரூன்றிப் போனவர். மடித்துவிடாத முழுக்கைச் சட்டை, அறை வாசலில் கழற்றிவைத்த சப்பாத்து, வேலை தொடங்க முதல் இரும்புச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு செருமல். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடும். "தயவுசெய்து" என்று அவர் தொடங்கினால் நாங்கள் கதிரையை விட்டு எழும்பிவிடுவோம்.

அவர் வைத்த முறை ஒன்று இருந்தது. அறைக்குள் எந்தப் போர்ட்டைத் தொடுவதானாலும் இரண்டு பேர் நிற்க வேண்டும். ஒருவர் சொல்பவர், அவர் திரை முன்னால். மற்றவர் தொடுபவர், அவர் சுவிட்ச் முன்னால். சொல்பவர் செய்ய வேண்டியதைச் சொன்னதும் தொடுபவர் "ஓம்" என்று சொல்லிக் கையை நீட்டக்கூடாது. மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: கேட்டது என்ன, தன் கண்ணால் காண்பது என்ன, செய்யப்போவது என்ன. அதன்பிறகு சொல்பவர் "செய்யும்" என்றால்தான் கை அசையலாம்.

முதல் நாள் நான் பழக்கதோஷத்தில் "ஓம் சேர்" என்றேன்.

"ஓம் எண்டது பதில் இல்லை, ராணி. அது சத்தம்," என்றார். "தயவுசெய்து, நீங்கள் என்ன கேட்டனீங்கள் எண்டு சொல்லுங்கோ."

இதை வைத்து நாங்கள் பகிடி பண்ணாத நாள் இல்லை. தேத்தண்ணி சொன்னால் ஜெயந்தி எழுந்து நின்று, "கேட்டது, சீனி குறைச்ச தேத்தண்ணி. காணுறது, சீனிப் போத்தல் வெறுமை. செய்யப்போறது, கடைக்கு ஓடுறது" என்பாள். சேர் காதில் விழாத மாதிரிக் கடதாசியைப் புரட்டுவார். ஒருநாள் மட்டும் தலை நிமிராமலே "செய்யும்" என்றார். அறை முழுக்கச் சிரிப்பு.

அவரிடம் இன்னொரு கொள்கையும் இருந்தது. இரவல் வாங்கிய பொருளை வாங்கியபடி திருப்பிக் கொடுக்க வேண்டும். இது வன்னியில் எல்லாருக்கும் உள்ளதுதான். மீள்குடியேறி வந்தபோது ஒருவரிடமும் ஒன்றும் இல்லை. மண்வெட்டி ஒரு வீட்டில், அலவாங்கு ஒரு வீட்டில், பெரிய சட்டி இன்னொரு வீட்டில். மண்வெட்டிப் பிடியில் சுற்றியிருந்த சீலைத் துண்டைக்கூட அவிழ்க்காமல், அழுக்கை மட்டும் கழுவி அப்படியே கொண்டுபோய்க் கொடுப்போம். கொடுத்தால்தான் அடுத்த முறை தருவார்கள். "இரவல் பொருளிலை எங்கடை கை தெரியப்படாது" என்பார் சேர். இந்தப் பண்பில் யார்தான் குறை காண்பது? நானும் காணவில்லை.

அந்த ஆண்டு மாரியில் விழுந்த இடியில் எங்கள் மேல்வரிசைச் சுவிட்சுகள் இரண்டில் ஒன்று செத்துப்போனது. ஒழுங்கு எழுதி வைத்திருந்த சுவிட்ச் அதுதான். புதியது வர எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. சேர் வவுனியாவில் தனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் கேட்டு, அவர்களிடம் மேலதிகமாக இருந்த ஒன்றை இரவல் வாங்கி வந்தார். நல்ல சுவிட்ச். அவர்கள் அதைக் காணொளிக் கூட்டங்களுக்கு வைத்திருந்தார்கள். ஆகவே அதன் வயிற்றில் இருந்த ஒழுங்கில் காணொளிக்குத்தான் முதலிடம்.

செருகுவதற்கு முன்னால் நான் கேட்டேன், "சேர், உள்ளை இருக்கிறதை அழிச்சுப்போட்டு எங்கடையை எழுதுவமோ?"

"இரவல் எல்லோ, ராணி. உள்ளதை அழிக்கப்படாது. அவையள் கஷ்டப்பட்டு எழுதினது. எங்கடை மற்றச் சுவிட்சிலை எங்கடை ஒழுங்கு இருக்குத்தானே."

என் பயம் ஊரறிந்தது. மழை இருட்டினாலும் பயம், வெயில் எறித்தாலும் பயம் என்றால் யார் அதைக் கணக்கில் எடுப்பார்கள்? மூன்று விஷயமும் சொல்லி, முறைப்படி செருகினோம். எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தது. சேர் இரும்பில் உள்ளங்கையை வைத்துச் செருமினார். வேலை முடிந்தது.

முடியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. செத்துப்போன சுவிட்ச் இருந்த இடம் மேல் வயல். அந்த இடத்தில் இரவல் சுவிட்சை வைத்தோம். மற்ற மேல் சுவிட்சில் அந்தப் பக்கம் பார்த்த போர்ட், எதிர்ப்பக்கம் சொல்வதை ஏற்கும் போர்ட். வந்திருப்பது விருந்தாளி என்று அதற்கு எப்படித் தெரியும்? விருந்தாளி சொன்ன ஒழுங்கை வாங்கிக்கொண்டது. அதனிடமிருந்து கீழ்ச் சுவிட்சுகள் வாங்கிக்கொண்டன. ஒருவரும் தொடாமலே எங்கள் மையம் முழுக்க ஒழுங்கு மாறிவிட்டது. ஒரு சிவப்பு விளக்கும் எரியவில்லை.

அந்த ஒழுங்கில் எங்கள் களஞ்சியத்துக்குக் காவல் இல்லை. களஞ்சியம் என்று நாங்கள் சொல்வது எல்லாத் தரவும் சேர்த்து வைக்கும் பெரிய பெட்டியை. ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்களும் அதற்குள்தான். காணொளியில் ஒரு துளி சிந்தினால் பேசுகிறவரின் மூக்கு ஒரு கணம் கோணலாகும், அவ்வளவுதான். களஞ்சியத்துக்குப் போகிற தரவில் ஒரு துளி சிந்தினால் முழுவதையும் திரும்ப அனுப்ப வேண்டும். திரும்ப அனுப்பும்போதும் சிந்தினால் மறுபடியும் திரும்ப. அதனால்தான் அதை ஒரு சொட்டும் சிந்தக்கூடாத வகை என்று எங்கள் ஒழுங்கில் எழுதியிருந்தோம். அந்த எழுத்துத்தான் இப்போது இல்லாமல் போயிருந்தது.

தரவு குறைவாக ஓடும்வரை எதுவும் தெரியவில்லை. செருகிய அடுத்த நாள் காலையில் எல்லா மாவட்ட அதிகாரிகளுக்கும் பெரிய காணொளிக் கூட்டம் வைத்தார்கள். குணநாயகம் சேர் பழுதான சுவிட்சை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு திருத்தக் கொடுக்க வவுனியாவுக்குப் போயிருந்தார். அறையில் நானும் ஜெயந்தியும்தான்.

முதலில் ஜெயந்தியின் கைத்தொலைபேசி அடித்தது. அவளுடைய கணவன் கேதீசனின் தம்பி. பரந்தனில் வயலுக்குள் இறங்கும்போது லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வரம்பில் புரண்டு, கேதீசன் தலை அடிபட விழுந்துவிட்டான். மயக்கம். அம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஸ்கேன் அறைக்குள் விட்டிருக்கிறார்கள்.

"அக்கா," என்றாள்.  பையை எடுத்துத் தோளில் போட்டாள். செருப்பைத் தேடினாள். தம்பிக்குத் திரும்ப எடுத்தாள், லைன் போகவில்லை. பிறகு அவனே எடுத்தான். ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் வேறு ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவர் படத்தைப் பார்த்துச் சொன்னால்தான் அங்கே கொண்டுபோவதா, அசைக்காமல் இங்கேயே வைத்திருப்பதா என்று முடிவெடுப்பார்கள்.

அவள் வாசலைத் தாண்ட முதல் எங்கள் மேசைத் தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பகுதி.

"மிஸ், ஒரு தலைப் படம் போகமாட்டன் எண்டுது. பாதியிலை நிண்டு திரும்பத் தொடங்குது. அங்கை ஏதும் பிரச்சினையோ? போனிலை படம் பிடிச்சு அனுப்பிப் பார்த்தம். அது மங்கலாம், அதை வைச்சு முடிவெடுக்க ஏலாது எண்டு பெரிய டொக்டர் சொல்லுறார். கொஞ்சம் கெதியாப் பாருங்கோ, ஆள் ஒரு மாதிரி இருக்கிறார்."

ஜெயந்தி வாசலில் நின்றபடி என் முகத்தைப் பார்த்தாள். போகாமல் நிற்பது கேதீசனின் படம் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

"நீர் போம். நான் பாக்கிறன்," என்றேன்.

"நான் அங்கை போய் என்ன செய்யிறது அக்கா? அவரின்ரை படம் இங்கைதானே நிக்குது." பையைக் கழற்றிக் கதிரையில் வைத்தாள்.

திரையைப் பார்த்தேன். எல்லாம் பச்சை. கேபிள்கள் சரி, மின்சாரம் சரி, வெப்பம் சரி. ஒரு எச்சரிக்கைகூட இல்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது, குண்டு விழுந்த காலத்திலும் இல்லை. குண்டு விழுந்தால் சத்தம் கேட்கும். பதறினால் எனக்கு அப்பாவின் பேச்சு வந்துவிடும். "என்னா புள்ள இது, எல்லாமே நல்லாருக்குன்னு சொல்லுதே," என்றேன். வேறு நாளென்றால் ஜெயந்தி அதைச் சொல்லிக்காட்டிச் சிரித்திருப்பாள்.

போர்ட் போர்ட்டாகத் திறந்து, அது எந்த ஒழுங்கில் நிற்கிறது, அதை யாரிடமிருந்து வாங்கியது என்று பார்த்தேன். காணொளிக்கு முதலிடம். அடுத்ததிலும் அப்படியே. அதற்கு அடுத்ததிலும். எல்லாவற்றிலும் "எதிர்ப்பக்கத்திலிருந்து பெற்றது" என்று இருந்தது. பெற்ற வழியே மேலே மேலே போனால், இரவல் சுவிட்சில் போய் முட்டியது. விஷயம் பிடிபட்டதும் ஜெயந்தியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

கூட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தினால் போதும் என்று கூட்ட மண்டபத்துக்குப் போன் எடுத்தேன். கூட்டத்தில் இருக்கிறவர்கள் போன் எடுப்பார்களா? அந்தக் காணொளியும் ஆஸ்பத்திரித் தரவும் ஒரே கேபிளில்தான் எங்கள் அறைக்குள் வந்தன. அதை இழுத்தால் இரண்டும் போய்விடும். சேருக்கு எடுத்தேன். ஓமந்தை தாண்டிக்கொண்டிருந்தார். சத்தம் அறுந்து அறுந்து வந்தது. நடந்ததைச் சொன்னேன்.

"என்ன செய்யப்போறீங்கள்?" என்று கேட்டார்.

"எங்கடை மற்றச் சுவிட்சிலை, அந்தப் பக்கம் பாக்கிற போர்ட்டை ஏற்காத குறிக்கு மாத்தி, எங்கடை ஒழுங்கைத் திருப்பி எழுதப்போறன். இரவலைத் தொடமாட்டன்."

"ஜெயந்தி எங்கை?"

"சுவிட்சுக்கு முன்னாலை. சேர், படம் கேதீசன்ரை."

வானை ஓரமாக நிறுத்தச் சொல்வது கேட்டது. பிறகு, "தயவுசெய்து முறைப்படி செய்யுங்கோ," என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மனுசன் அங்கே உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடக்கிறான், இவருக்கு இன்னும் கேட்டதும் கண்டதும்! போனை மேசையில் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, ஜெயந்தியைப் பார்த்துக் கத்தினேன். "ஜெயந்தி, எங்கடை மேல் சுவிட்சிலை இரவலைப் பார்க்கிற போர்ட்டை மாத்தப்போறன். கேபிளைப் பிடிச்சுக்கொண்டு நில்லும். நான் சொன்ன உடனை கழற்றும், இரவல் திரும்பச் சொல்லாமல்."

அவள் "ஓம்" என்றிருக்கலாம். நான் அப்போதே விசையைத் தட்டியிருப்பேன். கேபிளைப் பிடித்தபடியே அவள் சொல்லத் தொடங்கினாள்.

"கேட்டது, எங்கடை மேல் சுவிட்சிலை, இரவலைப் பார்க்கிற கேபிளைக் கழற்றச் சொன்னது." மூச்சை இழுத்தாள். "காணுறது... விளக்கு பச்சை. கேபிள் கையிலை. களஞ்சியத்துக்குப் போற இரண்டாம் பாதை, எங்கடை சுவிட்சாலை போறது, விடாமல் மினுங்குது." அடுத்த வரிசைக்குக் குனிந்தாள். "முதலாம் பாதை, இரவலாலை போறது, பச்சைதான். ஆனால் மினுங்கேல்லை அக்கா. அசையாமல் எரியுது. ஒண்டும் ஓடேல்லை."

என் கை விசைக்கு மேலே நின்றது.

களஞ்சியத்துக்கு இரண்டு பாதை வைத்திருந்தோம், ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் என்று. இரவல் சொன்ன ஒழுங்கு களஞ்சியத்துக்குப் பொருந்தவில்லை. இரவலில் நேரடியாகச் செருகியிருந்த முதலாம் பாதையால் களஞ்சியம் தரவு எடுக்க மறுத்துவிட்டிருந்தது. கேபிள் உயிரோடு இருந்ததால் விளக்கு மட்டும் பச்சையாக எரிந்தது. ஆகவே முழுப் பாரமும் இரண்டாம் பாதையில். ஒழுங்கை மாற்றினால் அந்தச் சுவிட்சின் போர்ட்டுகள் ஒருமுறை விழுந்து எழும்பும். நான் அதைத்தான் முதலில் மாற்றவிருந்தேன். ஓடிக்கொண்டிருந்த ஒரே பாதையை என் கையாலேயே விழுத்தியிருப்பேன். களஞ்சியம் ஒரேயடியாகக் கையை விட்டிருக்கும். பிறகு அதை எழுப்பி நிறுத்த எவ்வளவு நேரம் போகுமோ, யாருக்குத் தெரியும்?

"சேர், கேட்டனீங்களோ?" என்றேன். 

"கேட்டனான். முதலாம் பாதையை முதல் எழுப்புங்கோ. அதுக்கு..." அவர் நிறுத்தினார். அதற்கு இரவல் சுவிட்சின் ஒழுங்கை அழித்து எங்களுடையதை எழுத வேண்டும். அவர் கொண்டுவந்து, அழிக்கக்கூடாது என்று சொன்ன ஒழுங்கு. "அழியுங்கோ, ராணி. அது நான் சொன்ன பிழை. வாங்கின இடத்துக்கு நான் பதில் சொல்லுறன்."

அழித்தோம். எழுதினோம். ஒவ்வொரு தடவையும் ஜெயந்தி மூன்று விஷயமும் சொன்னாள். இடையில் ஒரு தடவை அவளுடைய போன் மேசையில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. அவள் அதைத் திரும்பிப் பார்த்தாள், ஆனால் இடத்தைவிட்டு அசையவில்லை.  அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? முதலாம் பாதையின் விளக்கு அணைந்து, மறுபடி எரிந்து, கொஞ்சம் அசையாமல் நின்றது.

"காணுறது," என்றாள், விளக்குக்குக் கிட்டக் குனிந்தபடி.

"சொல்லும் ஜெயந்தி!"

"மினுங்குது அக்கா. மினுங்குது."

அதன்பிறகுதான் இரண்டாம் பாதையைத் தொட்டோம். இரவலைப் பார்க்கும் போர்ட்டில் ஏற்காத குறியை வைத்தோம். எங்கள் ஒழுங்கு கீழே இறங்கியது. ஸ்கேன் பகுதியிலிருந்து மறுபடி எடுத்தார்கள், படம் போய்விட்டதாம், பெரிய டொக்டர் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறாராம். நான் தேத்தண்ணி போடும் குசினிப் பக்கம் போய்ச் சுவரோடு சாய்ந்து அழுதேன். ஜெயந்தி அழவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவிட்ச் முன்னாலேயே நின்றாள்.

வாசிக்கிறவர்களை இதற்குமேல் பதற வைக்க எனக்கு மனமில்லை. கேதீசன் இருக்கிறான். இடதுகாலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடப்பான், லேண்ட்மாஸ்டர் பக்கம் ஜெயந்தி விடுவதில்லை. இரவல் சுவிட்சைத் திருப்பிக் கொடுத்த நாளில் குணநாயகம் சேர் தானே போய், அழித்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, அங்கேயே உட்கார்ந்து அவர்கள் சொல்லச் சொல்ல அந்த ஒழுங்கைத் திரும்ப எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாராம். அவர்கள் அதைப் பெரிய விஷயமாக எடுக்கவில்லை. அவர்தான் எடுத்துக்கொண்டார். கொஞ்ச நாள் இரும்பில் கை வைக்காமல், செருமாமல் வேலை செய்தார். எங்களுக்கு அது பார்க்கச் சகிக்கவில்லை.

இப்போது கொழும்பிலிருந்து ஓர் ஆள் ஒரே தரத்தில் அனுப்புவார், எல்லாச் சுவிட்சும் ஏற்றுக்கொள்ளும் என்றால், எனக்கு அதில் மறுப்பில்லை. நல்ல ஒழுங்கென்றால் நல்லபடியாகப் பரவும். பிழையான ஒழுங்கும் அதே வேகத்தில்தான் பரவும், அதே பச்சையைத்தான் காட்டும். அறைக்குள் ஒருவரும் இல்லையென்றால் அசையாமல் எரிகிற விளக்கை யார் காண்பது? இதைத்தான் ஜெயந்தியிடம் போனில் கேட்டேன். அவளுக்கு நித்திரை வராததும் அதனால்தான்.

அன்றைக்கு நடந்ததில் ஒன்றை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். படம் போய்க் கொஞ்ச நேரத்தில் ஜெயந்தியின் கைத்தொலைபேசிக்குப் பெரிய டொக்டரே எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் சொன்னது எனக்கும் கேட்டது. மண்டையோட்டுக்குள்ளே வலதுபக்கம் இரத்தம் கசிந்து கட்டியாக நின்று மூளையை அழுத்துகிறது. உடனே தன்னிடம் கொண்டுவரச் சொல்லிவிட்டார். வந்ததும் திறந்து எடுக்க வேண்டும். ஆபத்து உண்டு. செய்யாவிட்டால் ஆபத்து அதைவிடக் கூட.

"நேரமில்லை, தங்கச்சி. ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ, மிச்சத்தை நாங்கள் பாப்பம்," என்றார்.

ஜெயந்தி நிமிர்ந்து நின்றாள். சுவிட்ச் முன்னால் நிற்கிற அதே நிலையில்.

"டொக்டர், நான் கேட்டதைச் சொல்லுறன். தலைக்குள்ளை வலதுபக்கம் இரத்தம் கட்டியா நிக்குது. நீங்கள் திறந்து எடுக்கப்போறீங்கள். ஆபத்து இருக்கு. செய்யாட்டில் அதைவிடக் கூட."  அடுத்ததைத் தொடங்கினாள். "காணுறது..."

"சொல்லுங்கோ," என்றார் டொக்டர்.

"நான் அவரைக் காணேல்லை, டொக்டர். நீங்கள்தான் காணுறீங்கள். வடிவாப் பாத்து..." மற்றக் கையால் என் கையைப் பிடித்தாள். 

"செய்யுங்கோ," என்றாள்.